திருச்சி என்ஐடியில் பாதி இடம் யாருக்கு?

பெங்களூர்வாசி:
"தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் திருச்சி என்ஐடியில் (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) பாதி இடம் உறுதி" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. என் மகள் பிறந்தது தஞ்சாவூரில், பிளஸ் டூ முடித்தது பெங்களூரில். ஐஐடி, என்ஐடி இடங்களுக்கு நடக்கும் ஜோசா கலந்தாய்வில் அவளுடைய மாநிலம் கர்நாடகா. கர்நாடகாவின் சூரத்கல் என்ஐடி அவளுக்கு உள்ளூராம், திருச்சி வெளியூராம். எங்கே அந்தப் பாதி இடம்?

துவாக்குடிக்காரன்:
எழுதியது நான்தான். பிளஸ் டூ எந்த மாநிலத்தில் முதலில் தேறினாளோ அதுதான் அவள் மாநிலம். பிறந்த ஊர், ரேஷன் கார்டு, குலதெய்வம் எதையும் பார்க்க மாட்டார்கள். 1964இல் ஆர்இசியாக (மண்டலப் பொறியியல் கல்லூரி) தொடங்கியபோது மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்திய கல்லூரி அது. பாதி இடம் மாநிலத்துக்கு என்பது அன்றைய ஏற்பாடு. 2003இல் என்ஐடி ஆன பிறகும் தொடர்கிறது.

பெங்களூர்வாசி:
நான் வரலாறு கேட்கவில்லை. நேட்டிவிட்டி சான்றிதழ் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் அது செல்லும், திருச்சியில் மட்டும் ஏன் செல்லாது?

துவாக்குடிக்காரன்:
அதை நடத்துவது மாநில அரசு, இது மத்திய அரசுக் கல்லூரி. பிளஸ் டூ எங்கே சார்? அதைச் சொல்லுங்கள்.

மதுரை அம்மா:
இதைத் தெரிந்துகொள்ளாமல் பிள்ளையை நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு ராஜஸ்தானில் இருக்கும் கோட்டா நகரத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கேயே ஒரு பள்ளியில் பேருக்குச் சேர்த்துப் பிளஸ் டூ எழுத வைத்தால் ஜெய்ப்பூர் என்ஐடிதான் உள்ளூர் ஆகும். திருச்சி கம்ப்யூட்டர் சயின்ஸில் வெளிமாநில இடம் முடிந்த பிறகும் உள்ளூர் வரிசை சில ஆயிரம் ரேங்க் தள்ளிப் போகும். அதைத்தான் இழக்கிறார்கள்.

பெங்களூர்வாசி:
அதாவது, ஆந்திராவிலிருந்து வந்து சென்னை விடுதியில் இரண்டு வருடம் படித்தவன் தமிழ்நாட்டுக்காரன். தஞ்சாவூரில் பிறந்தவள் இல்லை. அருமை!

துவாக்குடிக்காரன்:
இங்கே பிளஸ் டூ முடித்தவன் இங்கே முடித்தவன்தான். பெங்களூர்ச் சம்பளம் வேண்டும், திருச்சி சீட்டும் வேண்டும் என்றால் எப்படி?

பெங்களூர்வாசி:
சம்பளத்தை ஏன் இழுக்கிறீர்கள்? நான் கட்டும் வருமான வரியில்தான் அந்தக் கல்லூரி நடக்கிறது.

துவாக்குடிக்காரன்:
அதே வரியில்தான் சூரத்கல்லும் நடக்கிறது. அங்கே உங்களுக்கு இருக்கும் பாதி இடத்தைப் பற்றி ஒரு வரியாவது எழுதினீர்களா? மன்னார்குடிப் பையனுக்கு அங்கே அந்தச் சலுகை இல்லை.

சட்டம் படிப்பவன்:
2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே மருத்துவ மேற்படிப்பில் இருப்பிட ஒதுக்கீடு செல்லாது என்று சொல்லிவிட்டதே. இதுவும் ஒருநாள் போகும்.

துவாக்குடிக்காரன்:
தீர்ப்பை முழுக்கப் படியுங்கள் தம்பி. எம்பிபிஎஸ்ஸில் ஓரளவு இருக்கலாம் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. திருச்சியில் இருப்பது பிடெக். அதுவும் இருப்பிடத்தை வைத்து இல்லை, பிளஸ் டூ எழுதிய இடத்தை வைத்து. எத்தனை முறை சொல்வது?

சட்டம் படிப்பவன்:
தம்பி என்று கூப்பிட வேண்டாம். போன மாதம் நீட் விவாதத்திலும் இப்படித்தான் பேசினீர்கள்.

மதுரை அம்மா:
சண்டை போதும். ஐஐடியில் எந்த மாநிலத்துக்கும் தனி இடம் கிடையாது, அங்கே ஒருவரும் அழவில்லையே?

பெங்களூர்வாசி:
அதைத்தானே மேடம் நானும் கேட்கிறேன்! ஒன்று ஐஐடி மாதிரி எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் மண்ணின் பிள்ளைக்குக் கொடுங்கள். இரண்டுங்கெட்டானாக எதற்கு?

துவாக்குடிக்காரன்:
திறந்துவிட்டால் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்த அரியலூர்ப் பெண் கோட்டாவில் பயிற்சி எடுத்தவனோடு மோத வேண்டும். இன்று அவள் உள்ளே வருவதே அந்தப் பாதியால்தான். அதில் கை வைக்க விடமாட்டேன்.

பெங்களூர்வாசி:
அரியலூர்ப் பெண்ணுக்கு நான் எதிரி இல்லை. என் மகள் எந்த ஊர்க்காரி என்று மட்டும் சொல்லுங்கள்.

துவாக்குடிக்காரன்:
பிளஸ் டூ எங்கே?