கலைச்சொல் வேண்டும்: 'கடல் வெப்ப அலை'க்கு மாற்று உண்டா?

உவரியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் கடலைப் பற்றி ஒரு கையேடு தயாராகிறது. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் முடிந்து ஒரு சொல்லில் வந்து நிற்கிறது.

கடல்நீர் வழக்கத்தை மீறிச் சூடேறி நாள்கணக்கில் அப்படியே கிடக்கிறதே, அதை நாளிதழ்கள் 'கடல் வெப்ப அலை' என்று எழுதுகின்றன. நானும் அதையே போட்டு, வாசிக்கக் கொடுத்துப் படம் வரையச் சொன்னேன். பெரும்பாலோர் கரையில் மோதும் ஒரு பெரிய அலையை வரைந்து சிவப்பு அடித்திருந்தார்கள். "சுனாமி மாதிரியா டீச்சர்?" என்று ஒரு பெண் கேட்டாள். 2004-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள்தான். ஆனாலும் எங்கள் ஊர் வீடுகளில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

தரையில் 'வெப்ப அலை' என்றால் குழப்பமில்லை, அங்கே வேறு அலை கிடையாது. கடலில் அந்தச் சொல் நிற்கவில்லை. வேறு சொல் தாருங்கள்.

தூத்துக்குடியிலிருந்து:

டீச்சர் சொல்வது புரிகிறது. ஆனால் 'வெப்ப அலை' ஊடகத்தில் ஊன்றிவிட்டது. நாளைக்குப் பிள்ளைகள் செய்தித்தாளில் அதைத்தான் பார்ப்பார்கள். புதிய சொல் செய்தால் இரண்டையும் சொல்லித்தர வேண்டிவரும்.

எந்தச் சொல்லை எடுத்தாலும் இலக்கணம் இதுதான்: ஓர் இடத்தின் 30 ஆண்டுப் பதிவை எடுத்து, அந்தந்த நாளுக்கு 100-இல் 90 முறை வெப்பம் எந்த அளவுக்குள் இருந்தது என்று பார்க்கிறார்கள். அந்த அளவைத் தாண்டித் தொடர்ந்து 5 நாளாவது நீடிக்க வேண்டும். ஆக, வெறும் சூடு போதாது. 'வழக்கத்தை மீறியது', 'நீடிப்பது' இரண்டும் சேர வேண்டும். இதைக் கோடையில்தான் பார்க்கலாம் என்பதும் இல்லை. மார்கழியிலும் வரும், மார்கழிக்குரிய அளவை மீறினால் போதும்.

பாளையங்கோட்டையிலிருந்து:

'அலை' என்பது அலைதலால் வந்த பெயர். ஆசிரியை சொல்லும் வெப்பமோ அலையாமல் ஓரிடத்தில் கிடக்கிறது. எனவே சொல்லே பொருளுக்குப் பகை. 'கடல்வெம்மை' என்று வையுங்கள். வெம்மை தூய சொல், பழைய சொல். புணர்ச்சியிலும் தொல்லை இல்லை. லகர ஈற்றின் முன் வகரம் வந்தால் இயல்பாகவே நிற்கும். 'கடற்சூடு' என்றால் றகரம் வந்து பிள்ளைகள் வாயில் இடறும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ஐயா, தொல்காப்பிய உரியியலில் 'வெம்மை வேண்டல்' என்றுதானே இருக்கிறது? வெம்மைக்கு விருப்பம் என்றும் பொருள். கடல்வெம்மை என்றால் கடலின் மேல் ஆசை என்று ஆகாதா?

பாளையங்கோட்டையிலிருந்து:

நல்ல கேள்வி. வெம்மையும் வேட்கையும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் நெடுநாள் கருத்து. வேதல், வெந்தது, வெயில், வெப்பு, வெறுப்பு வரைக்கும் அந்த வேர் ஓடுகிறது. உடம்பு காய்வதும் மனம் காய்வதும் நம் முன்னோருக்கு ஒன்றே. ஆனால் விருப்பப் பொருள் வழக்கொழிந்துவிட்டது, அஞ்ச வேண்டாம். வெம்மை பிடிக்கவில்லை என்றால் 'கடல்வெப்பு' என்று வைக்கலாம். ஆலவாயில் சம்பந்தர் திருநீற்றுப் பதிகம் பாடித் தணித்தது பாண்டியனின் வெப்பு நோயை. வெப்பு என்றாலே தானாகத் தணியாத, நீடித்த சூடு. தூத்துக்குடி நண்பர் கேட்ட 'நீடிப்பு' சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பாண்டியனும் நம்மவனே: 'நெல்வேலி வென்ற நின்றசீர் நெடுமாறன்' என்று சுந்தரர் பாடிய அரசன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

அந்த நெல்வேலி நம் திருநெல்வேலிதானா என்பதிலேயே வழக்கு இருக்கிறது ஐயா. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

வெப்பு நோய் என்று போவதானால் நேரே 'கடற்காய்ச்சல்' என்றே சொல்லிவிடலாமே? காய்ச்சல் பிள்ளைகளுக்குத் தெரியும். வழக்கமான அளவு என்று ஒன்று உண்டு, அதைத் தாண்டினால் காய்ச்சல். சில நாள் கிடக்கும், பிறகு இறங்கும். விளக்கமே வேண்டாம்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணாச்சி, காய்ச்சல் ஓர் அறிகுறி, தானே இறங்கிவிடும் என்ற நினைப்பையும் கூடவே கொண்டுவரும். இங்கே அடிப்படையே ஏறிக்கொண்டிருக்கிறது. நாம் விடும் புகையால் பூமியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. அந்த உயர்ந்த தளத்தின் மேல்தான் ஒவ்வொரு முறையும் இது வருகிறது.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. 1998, 2010, 2016 என்று பெரிய வெளிறல்கள் நடந்தன. 2024-இல் மறுபடி. ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் தாங்கும் அளவைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால், பவள உயிரி தன் உடம்புக்குள் வாழும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறமும் போகிறது, சாப்பாட்டில் பெரும்பங்கும் போகிறது. சீக்கிரம் குளிர்ந்தால் பிழைத்துக்கொள்ளும். கழிவுநீரும் சேறும் ஏற்கெனவே மூடிக்கொண்டிருக்கும் பாறை பிழைப்பது கடினம். சூடும் அழுக்கும் தனித்தனி ஆபத்து இல்லை என்பதைக் கையேட்டில் தயவுசெய்து எழுதுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

காய்ச்சலுக்கு இன்னொரு தடையும் உண்டு. நம் ஆற்றுப் பாசன ஊர்களில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்பார்கள். அங்கே காய்ச்சல் என்றால் வயலில் தண்ணீரை வடித்துக் காயவிடுவது. கடற்காய்ச்சல் என்றால் கடல் வற்றுகிறது என்று படும். அம்பாசமுத்திரத்துக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. போகிற போக்கில் இன்னொன்று: பவளத்துக்குத் 'துகிர்' என்று அழகிய சொல் இருக்கிறது. 'பொன்னும் துகிரும் முத்தும்' என்று புறநானூற்றில் வருகிறது. துகிர்வெளிறல் என்று எழுதலாமே?

உவரியிலிருந்து:

ஐயா, பவளப்பாறை என்பதையே பிள்ளைகள் பாடப்புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். வீட்டில் எல்லாம் 'பார்'தான். துகிர் என்றால் அதற்கு ஒரு கோனார் உரை போட வேண்டும். முதல் சொல்லுக்கு வருவோம். இன்று புதன்.

தென்காசியிலிருந்து:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். 'கடற்கோடை' என்று வைத்தால் என்ன? இனிய சொல். கோடை என்றால் யாருக்கும் சூடு நினைவுக்கு வரும்.

கூத்தன்குழியிலிருந்து:

இதற்குமேல் பேசாமல் இருக்க முடியவில்லை. படிப்பு முடித்து வெளியூரில் வேலை பார்த்தாலும் பைபர் படகு வைத்திருக்கிற வீட்டுப் பையன் நான்.

கோடை வேண்டவே வேண்டாம். பழைய தமிழில் கோடை என்பது மேல்காற்று. கொண்டல், கோடை, வாடை, தென்றல் என்று நாலு காற்றையும் ஐயாவிடம் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். அந்த மேல்காற்றைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். ஆனி, ஆடியில் கச்சான் பிடித்தால் எங்கள் பக்கத்துக் கடல் குளிர்கிறது. மேல்தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு போக, அடித்தண்ணீர் ஏறி வருகிறது. அதில் சத்து இருக்கும், அதைத் தேடி மீனும் வரும். குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்கிற கடலடி மேட்டில் அத்தனை மீன் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கடலைக் குளிர்விக்கிற காற்றின் பெயரை எடுத்துக் கடல் சூடேறுவதற்கு வைத்தால் எப்படி?

சூட்டை எங்கள் ஆட்கள் கையால்தான் பார்க்கிறார்கள். ஆழத்தில் கிடந்த வலையை இழுக்கும்போது முதலில் வருகிற கயிறு தண்ணீரோடு தண்ணீராக இருக்கும், அடிக்கயிறு வரும்போது கை சில்லென்று ஆகும். அந்தச் சில்லிப்பு எவ்வளவு கீழே தொடங்குகிறது என்பதை வைத்தே அப்பா மீன் எந்த மட்டத்தில் கிடக்கும் என்று சொல்லிவிடுவார். இப்போது சில நாள் கயிறு கடைசி வரை வெதுவெதுப்பாகவே வருகிறது. அப்படிப்பட்ட நாளில் நெத்திலி கிட்டத்தில் இருக்காது. அப்பா சொல்வது, "கடல் வெக்கையாக் கிடக்கு." கிடக்கு என்கிற சொல்லைக் கவனியுங்கள். நீடிப்பு அதில் இருக்கிறது.

என் ஓட்டு 'கடல் வெக்கை'க்கு.

பாளையங்கோட்டையிலிருந்து:

தம்பி சொன்ன கயிற்றுச் செய்தி எனக்குப் புதிது, நன்றி. ஆனால் வெக்கை பேச்சுவழக்கு. 'வெட்கை' என்றொரு வடிவம் உண்டு, அதுவே முதல் என்பேன். கலைச்சொல் என்றால் எழுத்துவழக்கின் மதிப்பு வேண்டாமா? நாளைக்கு இதிலிருந்து பெயரடை செய்ய வேண்டும், வினை செய்ய வேண்டும்.

கூத்தன்குழியிலிருந்து:

மதிப்பு எங்கிருந்து வருகிறது ஐயா? கள்ளக்கடல் என்கிற சொல்லை யார் செய்தார்கள்? காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல், எங்கோ தெற்கே அடித்த புயலால் கிளம்பித் திருட்டுத்தனமாகக் கரை ஏறுகிற நீருக்குக் கடற்கரை மக்கள் வைத்த பெயர் அது. ஐதராபாத்தில் இருக்கிற இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் இன்றைக்கு அந்தச் சொல்லிலேயே எச்சரிக்கை விடுகிறது. 2012-இல் யுனெஸ்கோவும் ஏற்றுக்கொண்டது. மலையாளம் என்று யாராவது சொல்லும் முன் சொல்லிவிடுகிறேன், கள்ளமும் தமிழ், கடலும் தமிழ். 2024 மே மாதம் கன்னியாகுமரிப் பக்கம் அந்த நீர்தான் மருத்துவம் படித்த பிள்ளைகளைக் கொண்டுபோனது. எச்சரிக்கை யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்கள் சொல்லில் இருந்தால்தான் அது எச்சரிக்கை.

தூத்துக்குடியிலிருந்து:

நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் ஒரு பெரும் சூட்டுத்திட்டு கிடந்தது. கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் செத்தன, அலாஸ்காவில் காட் மீன் சரிந்தது. அதற்கு அமெரிக்க அறிவியலாளர் ஒருவர் 'பிளாப்' (உருவமில்லாத திரள்) என்று வீட்டுச் சொல்லைத்தான் வைத்தார். ஆய்வுக் கட்டுரைகளிலும் அதுவே நின்றது. வெக்கையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் முதல் முறை வரும்போது பக்கத்திலேயே 'வெப்ப அலை' என்றும் போட வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

ஒரு தடை சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. எங்களுக்கு வெக்கை என்றால் மாட்டு நோய். ஒரு காலத்தில் வெக்கை வந்தால் தொழுவமே காலியாகிவிடும்.

கூத்தன்குழியிலிருந்து:

அந்த நோய் உலகத்திலேயே ஒழிந்துவிட்டது என்று 2011-இல் அறிவித்தாகிவிட்டதே அண்ணாச்சி. சொல்லாவது வேறு வேலைக்கு ஆகட்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

நோய் போனாலும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காதில் அந்தச் சொல் இன்னும் அப்படித்தான் விழுகிறது. எனக்கு இன்னும் காய்ச்சல்தான் சரி.

தென்காசியிலிருந்து:

கோடையை விட்டுவிடுகிறேன், காற்று விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் கையேட்டில் 'கடல் அமிலமயமாதல்' என்றும் இருக்கிறதாமே? அது சரியா? கடல் அமிலம் ஆவதில்லையே.

தூத்துக்குடியிலிருந்து:

ஆவதில்லைதான். கார அமில அளவு (pH) 8.2-இலிருந்து 8.1 பக்கம் இறங்கியிருக்கிறது. 7-க்குக் கீழே போனால்தான் அமிலம். ஆனால் அந்த அளவுகோல் பத்துப் பத்து மடங்காகப் போவது, சிறிய இறக்கமும் பெரிய மாற்றம். சங்கும் சிப்பியும் பவளமும் சுண்ணாம்பு சேர்ப்பது கடினமாகிறது. திசையைச் சொல்வதால் 'அமிலமாதல்' தவறில்லை. 'மயம்' மட்டும் வேண்டாம்.

பாளையங்கோட்டையிலிருந்து:

'காரந்தணிதல்' என்றால் உண்மைக்கு நெருக்கம்.

உவரியிலிருந்து:

காரம் என்றால் பிள்ளைகளுக்கு மிளகாய் ஐயா! அந்தப் பக்கத்தில் இப்போதைக்கு 'அமிலமாதல்' இருக்கட்டும், அடுத்த பதிப்பில் பேசுவோம்.

வெக்கையை இன்று வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன். "கடல் வெக்கை 5 நாளுக்கு மேல் நீடித்தால் மீன் எங்கே போகும்?" என்று கேட்டேன். ஆழத்துக்கு என்றார்கள், தெற்கே என்றார்கள், ஒருவன் "மூச்சு முட்டும் டீச்சர்" என்றான். சூடான நீரில் உயிர்வளி குறைவாகவே கரையும் என்ற பாடத்தை அங்கிருந்தே தொடங்க முடிந்தது. குப்பைப் பற்றிய பக்கத்திலும் இப்படித்தான். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 கப்பல் மூழ்கிய பிறகு குமரிக் கரையில் ஒதுங்கிய வெள்ளை மணிகளை 'பிளாஸ்டிக் குருணை' என்று எழுதியிருந்தேன். ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

ஆகவே தலைப்பில் 'கடல் வெக்கை', முதல் பத்தியில் ஒரு முறை 'வெப்ப அலை என்றும் சொல்வர்' என்று போடுகிறேன். நான், கூத்தன்குழி, தூத்துக்குடி, பிறகு தென்காசியும் தலையசைத்ததாக எடுத்துக்கொள்கிறேன். நாளை மாலைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

தென்காசியிலிருந்து:

தலையசைத்தேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:

என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். அச்சிடுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:

பெரும்பான்மைக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் கல்லூரி நூலுக்கு யாராவது இதே சொல்லைக் கேட்டால் 'கடல்வெப்பு' என்றே பரிந்துரைப்பேன். கையேட்டில் இரண்டையும் சேர்த்து 'கடல்வெக்கை' என்று எழுதுங்கள், பிரித்து எழுத வேண்டாம். பிரித்தால் அது தொடர், சேர்த்தால்தான் அது பெயர். துகிரைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை. 'பிளாஸ்டிக்'கை நெகிழி ஆக்கலாமா என்பதையும் ஆசிரியை கேட்கவில்லை. ஞகரத்தில் எழுதும் 'ஞெகிழி' கொள்ளிக்கட்டைக்குப் பெயர், அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பற்றித் தனியே எழுதுகிறேன்.