யுத்தம் தேவசித்தமா? வேதபாடத்தை எங்கே தொடங்க?

பாளைவாசி:
அண்ணாச்சிமாரே, வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் வாலிபர் கூட்டத்துல வேதபாடம், 40 நிமிஷம். தலைப்பு இதுதான். பாதிப் பேர் வேதத்துல யோசுவா புஸ்தகத்தைக் காட்டி "கர்த்தரே சொல்லித்தானே யுத்தம் பண்ணினாங்க"ன்னு சொல்லுதாங்க. மீதிப் பேர் எதிரியை நேசிங்கன்னு இயேசு சொன்ன மலைப்பிரசங்கத்தை விட்டு இறங்க மாட்டேங்காங்க. வசனத்தோட வசனத்தை மோதவிடாம எப்படிக் கொண்டுபோக?

மெஞ்ஞானபுரத்தான்:
ஏசாயா 10-ல தொடங்குங்க தம்பி. யோசுவாவுல தொடங்கினா கூட்டம் அவன் பிடிச்ச கானான் நாட்டை விட்டு வெளியே வராது.

5-ஆம் வசனத்துல, படையெடுத்து வர்ற அசீரியா ராஜா கர்த்தருடைய கோபத்தின் கோல். 7-ல அவனுக்கு அந்த நினைப்பே கிடையாது. பல ஜாதிகளை, அதாவது பல தேசத்து ஜனங்களை, அழிக்கணும், அவ்வளவுதான். 12-ல சீயோன்ல, அதாவது எருசலேம்ல, கர்த்தருடைய வேலை முடிஞ்சதும் அவன் மேட்டிமைக்கே தண்டனை. 15-ல கோடரி வெட்டுகிறவனுக்கு மேல தன்னை உயர்த்தலாமான்னு கேள்வி. தேவன் ஒரு யுத்தத்தைத் தம்முடைய காரியத்துக்கு எடுத்துக்கிடுவார். அதனால அதை நடத்தினவன் நீதிமான் ஆயிட மாட்டான். இந்த நாலு வசனத்தையும் பிள்ளைகளையே சத்தமா வாசிக்கச் சொல்லுங்க.

அப்புறம் யோசுவா 5:13, 14. உருவின பட்டயத்தோட (வாளோட) நிக்கிறவரைப் பார்த்து, நீர் எங்க பக்கமா, எதிரி பக்கமான்னு யோசுவா கேக்கான். வந்த பதில் "அல்ல". எரிகோ விழுறதுக்கு முன்னாடியே இது இருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல.

தேரிக்காடு:
கால் வழுக்குற இடங்களையும் சொல்லிருதேன். மத்தேயு 10:34-ல "பட்டயத்தையே அனுப்பவந்தேன்"னு யாராவது எடுப்பாங்க. உடனே லூக்கா 12:51-ஐத் திறங்க, அதே பேச்சு அங்கே "பிரிவினை"ன்னு இருக்கு. வீட்டுக்குள்ள வர்ற பிளவு அது, படையெடுப்பு இல்ல.

"கொலை செய்யாதே"ங்குற ஆறாம் கற்பனையை (கட்டளையை) வச்சும் முடிச்சிர முடியாது. யாத்திராகமம் 20:13-ல உள்ள எபிரெயச் சொல் போர்க்களச் சாவுக்கு வழங்குறதில்ல. தமிழ்லயும் "கொலை"ன்னுதான இருக்கு.

யோவான்ஸ்நானன் போர்ச்சேவகரை வேலையை விடச் சொல்லல. இடுக்கண் செய்யாதீங்க, சம்பளம் போதும்னு இருங்கன்னாரு (லூக்கா 3:14). இதை வச்சுப் பட்டாளத்துல சேரலாம்னு சொல்லலாம். அந்த நாட்டு யுத்தமெல்லாம் சரின்னு சொல்ல முடியாது.

உபாகமம் 20 எடுத்தா முழுசா எடுங்க. புது வீடு கட்டினவன், கல்யாணத்துக்குப் பெண் நியமிச்சவன், பயந்தவன் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு, முதல்ல சமாதானம் கூறு, கனிமரத்தை வெட்டாதேன்னு இருக்கு. சரி. ஆனா 16, 17-ல சுவாசமுள்ள ஒன்றையும் உயிரோடே வைக்காதேன்னும் இருக்கு. அதைத் தாண்டிப் போனா பிள்ளைங்க போன்ல பார்த்திருவாங்க.

கூடுதாழை:
சபை என்ன சொல்லிச்சுன்னும் கேப்பாங்களே. யுத்தம் நியாயமானதா இருக்க, இடைக்கால இறையியலாளர் தோமா அக்குவினாஸ் வச்சது மூணு நிபந்தனை: அதிகாரமுள்ளவர் கட்டளை, நியாயமான காரணம், நேரான நோக்கம். முதல் ரெண்டும் இருந்தாலும் நோக்கம் கெட்டா யுத்தம் கெட்டதுதான். ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்கள்ல 37-ஆவது, அதிகாரி கட்டளையிட்டா கிறிஸ்தவன் ஆயுதம் எடுக்கலாம்ங்குது. 1527-ல அனபாப்டிஸ்டு சபையாரோட ஷ்லைட்ஹைம் அறிக்கை பட்டயத்தைக் கிறிஸ்துவின் பூரணத்துக்கு வெளியே தள்ளிருச்சு, அதாவது கிறிஸ்தவன் அதை எடுக்கக்கூடாதுன்னுச்சு. போப் பிரான்சிஸ் 2020-ல, அந்தப் பழைய அளவுகோலை வச்சு நியாய யுத்தம்னு பேசுறது இந்தக் காலத்துல ரொம்பக் கஷ்டம்னு எழுதினார்.

எல்லா ராஜாவும் தனக்குத் தானே சர்டிபிகேட் குடுத்துக்கிடுவான், சிக்கல் அங்கதான். 1799-ல கட்டபொம்மனுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையை அந்த மூணு நிபந்தனையில வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பாளையக்காரங்க கிட்ட கிஸ்தி (வரி) வாங்குற உரிமை 1792 உடன்படிக்கையில ஆற்காட்டு நவாப் கிட்டேருந்து கம்பெனிக்கு வந்தது. அப்போ கட்டளையிடுற அதிகாரம் யாருக்கு? கட்டபொம்மனைக் கயத்தாறுல தூக்குப் போட்டது நியாயமா, மத்த பாளையக்காரங்களுக்குப் பயம் காட்டவா? ஒவ்வொரு கட்சியும் முதல் நிபந்தனையிலேயே மல்லுக்கட்டும்.

பாளைவாசி:
கட்டபொம்மனே 20 நிமிஷத்தைத் தின்னுருவாரே அண்ணாச்சி?

மெஞ்ஞானபுரத்தான்:
தின்னட்டும். ஏசாயாவுக்கு 15, மிச்சம் ஜெபத்துக்கு. உபாகமம் 20-ஐ அடுத்த வாரத்துக்கு வைங்க. 16-ஆம் வசனத்தை அஞ்சு நிமிஷத்துல தொடக்கூடாது.