பிட்வீனா, அமாங்கா: எண்ணிக்கை பார்த்தா முடிவு செய்வது?

புதுப்பக்கம்:
‘மூன்று நாடுகளுக்கு இடையே ஒப்பந்தம்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்வீன் போட்டேன். தேர்வுத்தாளில் சிவப்பு மையால் சுழித்து, அமாங் என்று திருத்தியிருக்கிறார்கள். இரண்டு என்றால் பிட்வீன், அதற்கு மேல் அமாங் என்பது அவ்வளவு கறாரான விதியா?

கரும்பலகை:
திருத்தியது சரிதான். பிட்வீனுக்குள்ளேயே ‘இரண்டு’ இருக்கிறது. ட்வின், ட்வெய்ன் எல்லாம் அதன் உறவுக்காரர்கள். இருபது வருடமாக வகுப்பில் இதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் பற்றிப் படர ஒரு கொழுகொம்பு வேண்டும்.

சொல்தேடி:
ஐயா, வேரைப் பார்ப்பதென்றால் அமாங்கின் வேரையும் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் அது கலப்பு, கூட்டம். மூன்று என்ற எண் அதில் எங்கே? பிட்வீன் தொடக்கத்திலிருந்தே இரண்டுக்கு மேற்பட்டவற்றுக்கும் வழங்கிவந்தது என்று ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியே சொல்கிறது. 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க வர்த்தக ஒப்பந்தத்தின் தலைப்பைப் பாருங்கள்: அமெரிக்கா, மெக்சிகோ, கனடா என மூன்று நாடுகள், போட்டிருப்பதோ பிட்வீன். ஒவ்வொரு நாடும் தன் பெயரில், மற்ற ஒவ்வொன்றோடும் கட்டுப்படுகிறது. அமாங் போட்டால் அந்த முகங்கள் மறைந்து கூட்டம்தான் மிஞ்சும்.

கடற்கரையில் வெறுங்காலோடு நடந்தால் விரல்களுக்கு இடையே மணல் ஒட்டுகிறது. விரல் பத்து. ஆனாலும் ‘சேண்ட் பிட்வீன் மை டோஸ்’தான்.

கரும்பலகை:
விரல் உதாரணம் நிற்காது. ஒவ்வோர் இடுக்கிலும் இரண்டு விரல்தானே? மணல் இருப்பது அந்த இரண்டுக்கு நடுவில். என் விதி அங்கேயும் செல்லும்.

சொல்தேடி:
நல்ல பிடி! அப்படியானால், மொத்தம் எத்தனை என்பதல்ல, ஒன்றுக்கொன்று எதிரெதிராக வைத்துப் பார்க்கிறோமா என்பதுதான் கேள்வி. ஒப்பந்தமும் அப்படித்தானே?

வீடு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. ‘பிட்வீன் த ட்ரீஸ்’ என்றால் இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம் கண்ணில் படும். ‘அமாங் த ட்ரீஸ்’ என்றால் வீடு தோப்புக்குள் போய்விடும். அப்புறம், ‘காயமடைந்தவர்களுள் ஒரு சிறுமியும் உண்டு’ என்கிறோம். அங்கே ‘இடையே’ வராது. அந்த ‘உள்’ வரும் இடத்தில் பிட்வீனும் வராது.

கரும்பலகை:
அந்த ‘உள்’ சோதனையை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் முகம், கூட்டம் என்று ஆரம்பித்தால் தலை சுற்றும். அங்கே என் விதிதான் முதலில். மூன்று நாட்டுக்குப் பிட்வீன் எழுதியதற்காக மதிப்பெண் குறைப்பது மட்டும் தப்பு. ‘திருத்தியது சரி’ என்று மேலே நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

புதுப்பக்கம்:
சரி, ‘பணத்தை நான்கு பேரும் பிரித்துக்கொண்டார்கள்’ என்பதற்கு எது?

சொல்தேடி:
இரண்டும் வரும். நால்வரையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்தினால் நான் பிட்வீன் போடுவேன். ‘தொழிலாளர்கள் பிரித்துக்கொண்டார்கள்’ என்று பொதுவாக வந்தால் அமாங்.