வால்வ் ஆம்ப்ல பயஸ் வைக்கும்போது உங்களுக்கு நடந்தது

மதுரைக்காரன்:
கிட்டார் ஆம்ப்ல ரெண்டு 6எல்6ஜிசி பவர் வால்வ், புஷ்-புல் (ரெண்டும் மாறி மாறி வேலை செய்யும்), ஃபிக்ஸட் பயஸ் (வால்வ்ல ஓடுற கரண்டைக் கட்டுப்படுத்த கிரிட்டுக்குத் தனியா கொடுக்குற மைனஸ் வோல்டேஜ்), பிளேட்ல 450 வோல்ட். பயஸைக் கூட்டிக் குறைக்கிற பாட்ல (திருகுற ரெசிஸ்டர்) மீட்டர் வச்சா மைனஸ் 48 வோல்ட் கரெக்டா வருது, அதை நம்பி வால்வை சொருகி ஆன் பண்ணிட்டேன். கிட்டாரை எடுத்து ட்யூன் பண்ணிட்டு இருக்கேன், வீட்டம்மா வாசப்படில நின்னு "ஏங்க, அதுல ஒண்ணு மட்டும் நல்லா செவந்திருக்கே"ன்னாங்க. திரும்பிப் பாத்தா சாம்பல் கலர் பிளேட் நடுவுல நீளவாக்குல ஒரு கோடு, ஊதுன கரி மாதிரி கனியுது. பிளக்கைப் புடுங்கிட்டேன். கிரிட் ரெசிஸ்டர் ஒண்ணு டிரை சோல்டர் (ஈயம் சரியா பிடிக்கல), அந்தப் பக்கம் 5ஆவது பின்னுக்கு, அதான் கிரிட்டுக்கு, பயஸே போகல, கரண்ட் எகிறிடுச்சு.

பெரம்பூர் வால்வ்:
எனக்கு லைன் வோல்டேஜ். பகல்ல 225 வோல்ட் இருந்தப்ப ஒரு வால்வுக்கு 46 மில்லியாம்ப் கரண்ட் வச்சேன், ராத்திரி 11 மணிக்கு லைன் 250, மீட்டர் 54 காட்டுது. அன்னைலேருந்து ராத்திரிலதான் பயஸ் வைக்கிறேன்.

பழைய ரேடியோ:
பெரம்பூர் நண்பா, 46 எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியும், 6எல்6ஜிசி பிளேட் தாங்குற 30 வாட்ல 70 சதவீதம் 21 வாட், அதை பிளேட்டோட 450 வோல்ட்டால வகுத்தா 46 மில்லியாம்ப். ஆனா அது உச்சவரம்பு, அங்கதான் நிக்கணும்னு யாரும் சொல்லல, நான் 36ல வச்சே வருஷக்கணக்கா வாசிக்கிறேன், சவுண்ட் ஒண்ணும் குறையல. மதுரைக்காரர் பாட்ல பாத்தது தப்பு, வால்வ் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு சாக்கெட்லயும் 5ஆவது பின்லதான் பாக்கணும். முதல் தடவை ஆன் பண்றப்ப பாட் அதிக மைனஸ் பக்கம் இருக்கணும், கரண்ட் லைன்ல சீரியஸ்ல ஒரு குண்டு பல்ப் போடுங்க. கரண்டை அளக்க, வால்வோட கேத்தோடுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 1 ஓம் ரெசிஸ்டர் போட்டா 1 மில்லிவோல்ட்டுக்கு 1 மில்லியாம்ப், ஸ்க்ரீன் (வால்வுக்குள்ள இருக்குற இன்னொரு கிரிட்) கரண்டும் அதுல சேந்துதான் வரும். பாட்டோட நடுக்காலுக்கும் மைனஸ் முனைக்கும் ஒரு ரெசிஸ்டர் கட்டாயம், எனக்கு நடுக்கால் தொடர்பு விட்டுப்போய் பயஸ் இல்லாம ரெண்டு இஎல்34 வால்வ் போச்சு, அதான் இவ்ளோ சொல்றேன். ஆஃப் பண்ணாலும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல 450 வோல்ட் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல பாத்துட்டு கை வைங்க.

மதுரைக்காரன்:
5ஆவது பின் விஷயம் சரிதாண்ணே. ஈயம் வெளிய பாக்க பளபளன்னுதான் இருந்துச்சு, லேசா இழுத்ததும் ரெசிஸ்டர் கால் கையோட வந்துருச்சு.