கழுத்துக் கணுக்களில் புற்று: ‘கணுவூன்றல்’ என்னும் சொல் குறித்து

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தொண்டைப் புற்றுநோயாளிகளுக்கான கையேட்டில், புற்று கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்கு (lymph nodes) செல்வதைக் குறிக்க ‘பரவல்’, ‘மாற்றிடமேற்றம்’, ‘கணுப்பற்று’ ஆகிய மூன்று சொற்கள் இந்த இழையில் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன். ‘கணுவூன்றல்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். காரணங்களைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

‘பரவல்’ எளிய சொல்தான், ஆனால் இங்கே தீங்கு செய்யக்கூடியது. குரல்வளையில் தோன்றிய புற்று பக்கத்துக் குருத்தெலும்பை அரித்து வளர்வதும் பரவல். கழுத்துக் கணுவில் தங்கி வளர்வதும் பரவல். நுரையீரலுக்குச் செல்வதும் பரவல். மூன்றுக்கும் மருத்துவம் வேறு, எதிர்பார்ப்பும் வேறு. கழுத்துக் கணு அளவில் நிற்கும் நோயை அறுவை, கதிர்வீச்சு, அதனோடு சேர்த்துத் தரும் மருந்து ஆகியவற்றால் குணமாக்கும் நோக்கத்தோடுதான் மருத்துவர்கள் அணுகுகிறார்கள். என் அக்காள் கணவருக்கு நாக்கின் அடிப்பகுதியில் புற்று என்று தெரிந்தபோது, அறிக்கையைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. “பரவிட்டா?” என்று அத்தான் கேட்டார். “ஆமா, கழுத்துக்குப் பரவியிருக்கு” என்றேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சோற்றைத் தொடவில்லை. நான் சொன்னதில் பொய் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. இந்த விவாதத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அதுவே காரணம்.

‘மாற்றிடமேற்றம்’, ‘மெட்டாஸ்டாசிஸ்’ (metastasis) என்னும் மூலச்சொல்லின் பொருளுக்கு நேர்மையானது. ஆனால் அதிலிருந்து பேச்சில் புழங்கக்கூடிய ஒரு வினையை உருவாக்க முடியவில்லை. ‘ஏற்றம்’ என்பது திசையையும் தவறாகக் காட்டுகிறது. கழுத்தில் நிணநீர் பெரும்பாலும் மேலிருந்து கீழாக இறங்கி, கழுத்தின் அடியில் பெருஞ்சிரைகளோடு சேர்கிறது.

‘கணுப்பற்று’ சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் நெல்லைச் சீமையில் வீக்கத்தின்மேல் மருந்தை அரைத்துத் தடவுவதற்குப் பெயர் ‘பற்றுப் போடுதல்’. அத்தானுக்கு இடத் தாடையின் கோணத்துக்குக் கீழே கட்டி தெரிந்ததும், “பல்லு வலியில நெறி கட்டியிருக்கு, பற்றுப் போட்டா அமுங்கிரும்” என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நான்கு மாதங்கள் அப்படியே போயின. ‘கணுப்பற்று’ என்று கையேட்டில் அச்சிட்டால், அதைக் கணுவின்மேல் போடும் மருந்தாக வாசிக்க எங்கள் ஊரில் ஆள் உண்டு.

‘நெறி’ என்னும் சொல்லைக் கையேடு கைவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும் என்று அறிந்த நம் மக்கள், காயத்துக்கும் தொலைவில் உள்ள கணுவுக்கும் தொடர்பு உண்டு என்பதைப் பாடநூல் இல்லாமலே கண்டிருக்கிறார்கள். அந்த அறிவின்மேல்தான் நாம் கட்ட வேண்டும். தொற்றினால் வரும் வலியுள்ள வீக்கம் ‘நெறிகட்டு’. தொற்று ஆறினால் பெரும்பாலும் அதுவும் வடியும். வலியில்லாமல், கெட்டியாக, இரண்டு மூன்று வாரங்களாகியும் வடியாமல் நிற்கும் கழுத்துக் கட்டியை நெறிகட்டு என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. இந்த வேறுபாடு கையேட்டின் முதல் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும்.

‘நிணநீர்ச் சுரப்பி’ என்ற பழைய வழக்கையும் விட்டுவிடலாம். அங்கே ஒன்றும் சுரப்பதில்லை, வரும் நீர் வடிகட்டப்படுகிறது. கரும்பில் இருப்பதுபோல் ஒரு நெடுந்தொடரில் இடைவெளி விட்டு அமைந்திருப்பதால் ‘கணு’ பொருந்துகிறது. உடலின் கணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழுத்தில்தான் இருக்கிறது.

இனி ‘ஊன்றல்’. பருத்தி விதை ஊன்றும் பொருளில் அல்ல, வேரூன்றும் பொருளில் இதை ஆள்கிறேன். மூலக்கட்டியிலிருந்து கழன்ற புற்றணுக்கள் நுண்ணிய நிணக்குழாய்களுக்குள் புகுந்து, கணுவின் உறைக்கு அடியில் உள்ள இடைவெளியை முதலில் அடைகின்றன. அடைந்தவற்றுள் பெரும்பாலானவை அழிகின்றன; சில மட்டுமே நிலைத்துப் பெருகுகின்றன. வந்து சேர்வது வேறு, வேர்கொள்வது வேறு என்னும் இந்த உண்மையை ‘பரவல்’ மறைக்கிறது, ‘ஊன்றல்’ காட்டுகிறது. வினையும் எளிதாக வருகிறது: கணுவில் ஊன்றியது, ஊன்றவில்லை, ஊன்றிய கணுக்கள் இரண்டு.

எந்தக் கணுவில் முதலில் ஊன்றும் என்பது பெரும்பாலும் வடிகாலைப் பொறுத்தது. அடிநாச் சதை (டான்சில்), நாக்கின் அடிப்பகுதி ஆகியவற்றின் நீர் தாடைக் கோணத்துக்குக் கீழே உள்ள மேல்கழுத்துக் கணுக்களுக்கு வடிகிறது. மூக்குத்தொண்டையின் நீர், கையால் தொட்டறிய முடியாத தொண்டைப் பின்புறக் கணுக்களுக்கும் கழுத்தின் பக்கவாட்டில் பின்புறமாக உள்ள ‘பின்முக்கோண’ப் பகுதிக்கும் செல்கிறது. குரல்நாண்களில் நிணக்குழாய்கள் மிகக் குறைவு. ஆகவே அங்கே தொடக்க நிலையில் உள்ள புற்று கணுவில் ஊன்றுவது அரிது. அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியிலோ குழாய்கள் செழித்திருப்பதால், கழுத்தின் இரு பக்கமும் ஊன்றக்கூடும். ஒரே குரல்வளைக்குள் ஒரு விரற்கடைத் தொலைவு இவ்வளவு வேறுபாட்டைச் செய்கிறது. பிரெஞ்சு உடற்கூறியலாளர் ரூவியேர் 1932இல் மனித நிணநீர் மண்டலத்தை விரிவாக வரைந்தார். அமெரிக்க மருத்துவர் லிண்ட்பர்க் 1972இல் எந்த இடத்துப் புற்று எந்தக் கணுக்களுக்குச் செல்கிறது என்று நோயாளிகளைக் கொண்டு காட்டினார். 1906இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கிரைல் விவரித்த அறுவையில் கணுக்களோடு கழுத்தின் பெருந்தசை, உட்கழுத்துச் சிரை, தோளை உயர்த்தும் நரம்பு ஆகியவையும் போயின. இன்று தேவையான கணுக்களை மட்டும் எடுக்க முடிவதற்கு இந்த வடிகால் அறிவு ஒரு முக்கியக் காரணம்.

தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் படிக்கும்போது குளங்கள் நினைவுக்கு வராமல் இருக்காது. ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு வழிவதை ‘மறுகால் பாய்தல்’ என்கிறோம். மறுகால்தலை, மறுகால்குறிச்சி என்று ஊர்ப்பெயர்களே இருக்கின்றன. ஊன்றிய கணுவிலிருந்து தொடரின் அடுத்த கணுவுக்கு நோய் செல்வதை ‘மறுகால் ஊன்றல்’ எனலாம். ஆனால் உவமை ஓரிடத்தில் பிசகுகிறது: குளம் நிறைந்தால்தான் மறுகால் பாயும், புற்றோ கணு நிறையும்வரை காத்திருப்பதில்லை, சில வேளை இடையில் உள்ள கணுவைத் தாண்டிக் கீழுள்ளதில் ஊன்றுகிறது. ஆகவே இச்சொல்லைக் கையேட்டில் விளக்கத்தோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

குளத்திலிருந்து கிடைக்கும் இன்னொரு சொல்லுக்கு அந்தத் தயக்கம் எனக்கு இல்லை. மறுகால் பாய்வது வேறு, கரை உடைவது வேறு. கணுவின் உறையைத் துளைத்துக்கொண்டு புற்று சுற்றுத் திசுவில் இறங்குவதை ‘உறையுடைப்பு’ என்போம். 2018 முதல் நடைமுறையில் உள்ள நிலைப்பகுப்பு (நோய் எந்தக் கட்டத்தில் உள்ளது என்று வகுக்கும் முறை), தீநுண்மி (வைரஸ்) சாராத தொண்டைப் புற்றுகளில் இதைத் தனியாகக் கணக்கில் கொள்கிறது; அறுவைக்குப் பின் கதிர்வீச்சோடு மருந்தும் சேர்க்க வேண்டுமா என்பதும் பெரிதும் இதைக் கொண்டே முடிவாகிறது.

கையில் தட்டுப்படாமலும் படத்தில் தெரியாமலும் கணுவில் இருக்கும் நோய்க்குக் ‘கரந்துறை ஊன்றல்’ பொருந்தும். அதற்கான வாய்ப்பு சுமார் 20 விழுக்காட்டுக்கு மேல் என்று கருதினால், கட்டி தெரியாத கழுத்துக்கும் முன்கூட்டியே சிகிச்சை செய்வது வழக்கம். “தெரியாத கட்டிக்கு எதுக்கு அறுவை?” என்று கேட்பவருக்கு இச்சொல் பாதி விடையாவது தரும்.

பாளையங்கோட்டைச் சித்த மருத்துவக் கல்லூரியில் பயின்ற நண்பர்கள் இந்த இழையில் இருக்கிறார்கள். ‘கண்டமாலை’ என்று சித்த மருத்துவம் கூறும் கழுத்துக் கட்டியோடு ‘கணுவூன்றல்’ எங்காவது குழம்புமா என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். குழம்பாது என்றால், கையேட்டின் நான்காம் பக்கத்தில் “கழுத்துக்குப் பரவியுள்ளது” என்று இருக்கும் வரியை “கழுத்துக் கணுவில் ஊன்றியுள்ளது; மார்புக்கோ வேறு உறுப்புக்கோ செல்லவில்லை” என்று மாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.