ஹால் நடுவுல ரெண்டு தூணு: எடுக்கலாமா, வேண்டாமா?

மார்த்தாண்டம் மருமக: 1998-ல மாமனார் வளைகுடாவிலருந்து வந்து கெட்டின வீடு. ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவுல ரெண்டு உருண்டைத் தூணு, தலையில சிமெண்ட் பூவு. சோபா போட இடமில்ல, பிள்ளைய நெத்திய இடிச்சுக்கிடுதுவ. அழகுக்கு வச்சதுதானே, ஒரே நாள்ல எடுத்துத் தாரேங்காரு கொத்தனார். எடுக்கலாமா?

கருங்கல் கொத்தன்: தாராளமா எடுங்க அக்கா. பூ வச்ச தூணெல்லாம் சும்மா நிக்கதாக்கும். எத்தனையோ வீட்டுல எடுத்திருக்கேன், ஒரு கீறல் விழல.

தக்கலை சிவில்: பூவைப் பாத்தா முடிவு பண்ணுவீரு? பத்மநாபபுரம் அரண்மனையில தாய்க்கொட்டாரத்துல ஒத்தைப் பிலாத் தடியில செதுக்கின தூணு நிக்குது, உடம்பு பூரா வேலைப்பாடு. உம்ம கணக்குக்கு அதுவும் சும்மா நிக்கதா?
அக்கா, மேல பீம் ஓடுதான்னு பாருங்க. ஓடினா, தூணுக்கு நேர மேல பீமுக்குள்ள கம்பி மேல்பக்கந்தான் கூடுதலா கெட்டியிருப்பாவ. தூணை உருவினா அதே இடம் கீழ தொய்யும், அங்க கீழ்க்கம்பி குறைவு. பத்தடி பத்தடியா நின்ன பீம் இருபதடி ஆனா, வளைவு விசை ரெண்டு மடங்கில்ல, நாலு மடங்கு.

கருங்கல் கொத்தன்: ஓய், புத்தகக் கணக்கு. ஜாக்கி முட்டு குடுத்துல்லா எடுப்போம்.

தக்கலை சிவில்: முட்டு நிக்க வரைக்கும் ஒண்ணும் ஆவாது. அதை உருவின பொறவு?

குளச்சல் காத்து: சும்மா பயமுறுத்தாதீங்க. எங்க வீட்டுல உடைச்சா உள்ள வெறும் பிவிசி பைப்பு!

தக்கலை சிவில்: அது பாரம் தாங்காத பொய்த்தூணு அண்ணாச்சி. தரை மொசைக்கு தூணைச் சுத்தி நிக்கா, அடியில நுழைஞ்சு போவுதா? நுழைஞ்சு போனா பொய்த்தூணு. அடிப்பக்கம் கொஞ்சம் கொத்திப் பாத்தா தெரிஞ்சிரும்.

மார்த்தாண்டம் மருமக: கொத்திப் பாத்தாச்சு. ஜன்னல் பக்கத்துத் தூணுக்கு அடியில மொசைக்கு பூரா போவுது. மத்ததுல பூச்சு உதிந்ததும் கான்கிரீட்டு, அதுக்குள்ள கம்பி.

கருங்கல் கொத்தன்: ஒண்ணை மட்டும் விட்டா ஒத்தக்கொம்பு மாடு மாதிரி இருக்கும். இரும்பு ஐ-பீம் போட்டு ரெண்டையும் எடுத்திருவோம்.

தக்கலை சிவில்: போடலாம். அந்த ஐ-பீமோட ரெண்டு முனையும் எங்க உக்காரும்? சுவத்துலன்னா, அந்தப் பாரத்துக்கு அஸ்திவாரம் தாங்குமா? வரைபடம் போட்டு ஒரு இன்ஜினியர் சொல்லட்டும். பொய்த்தூணுலயும் ஸ்லாப் இத்தனை வருசத்துல அமந்து உக்காந்திருக்கலாம். பக்கத்துல முட்டு குடுத்துட்டு தலையிலருந்து வெட்டச் சொல்லுங்க.

மார்த்தாண்டம் மருமக: சரி, பொய்த்தூணு போவுது, மத்தது நிக்கட்டும். அந்தச் சிமெண்ட் பூவையாவது செத்தி எடுக்கட்டுமான்னு கேட்டேன். மாமனார் ரெண்டு நாளா பேசல.