மறு: எம்.எஃப்.டி.க்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். எம்.எஃப்.டி. (Managed File Transfer), அதாவது நிறுவனங்கள் கோப்புகளை அனுப்பி, அவை போய்ச் சேர்ந்தனவா என்று கண்காணிக்கும் மென்பொருளுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இழைக்கு என் பதில் இது.

> "நிர்வகிக்கப்பட்ட கோப்புப் பரிமாற்றம்" என்றே வைத்துக்கொள்ளலாமே. பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

சொல்லுக்குச் சொல் சரிதான் ஐயா. ஆனால் யார், எதை நிர்வகிக்கிறார் என்று அதில் தெரியவில்லை. அதோடு இத்தனை நீளப் பெயரை ஒரு பொத்தானில் எப்படி எழுதுவது? இழையில் இன்னொருவர், வெப்பக் கடத்தல் இருக்கிறதே என்று "கோப்புக் கடத்தல்" என்றார். தணிக்கை அறிக்கையில் "கடத்தல் வழங்கி" (வழங்கி என்றால் சர்வர்) என்று எழுதிப் பாருங்கள், அடுத்த கேள்வி காவல்துறையிடமிருந்து வரும்.

எம்.எஃப்.டி., கோப்பு அனுப்பும் பழைய நெறிமுறையான எஃப்.டி.பி.யிலிருந்து எந்த இடத்தில் விலகுகிறது என்று பார்த்தால் சொல் தானாக வரும். எஃப்.டி.பி.யின் முதல் வரைவை அபய் பூஷண் எழுதியது 1971-இல். இன்றும் அடிப்படையாக இருப்பது 1985-இல் வந்த ஆர்.எஃப்.சி. 959 என்ற இணையத் தர ஆவணம். கடவுச்சொல் மறையாக்கமில்லாமல், வழியில் யாரும் படிக்கும்படி போகிறது என்பதே அதன்மேல் எல்லாரும் சொல்லும் குறை. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அதைக் கைவிட்டன. பெரிய நிறுவனங்களில் இரவுதோறும் ஓடும் ஸ்கிரிப்டுகள் உலாவியைக் கேட்டா ஓடுகின்றன? எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், கடவுச்சொல் ஸ்கிரிப்டுக்குள்ளேயே இருக்கும், அதைத் தொட யாருக்கும் துணிச்சல் இருக்காது.

என் கணக்கில் பெரிய குறை வேறு. சம்பளக் கோப்பு நள்ளிரவில் வங்கிக்குப் போகிறது, பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கோப்புறையைத் துழாவும் எதிர்ப்பக்க நிரல், அந்த அரைக்கோப்பை முழுக்கோப்பென்று எடுத்துப் போய்விடுகிறது. தற்காலிகப் பெயரில் ஏற்றிவிட்டு, முடிந்தபின் உண்மைப் பெயருக்கு மாற்றும் கைவைத்தியம் இதற்காக வந்ததுதான். மறையாக்கத்தோடு அனுப்பும் எஸ்.எஃப்.டி.பி.க்கு மாறினால் வழியில் ஒட்டுக்கேட்க முடியாது, அவ்வளவுதான். அரைக்கோப்பு அரைக்கோப்பாகவே கிடக்கும்.

எம்.எஃப்.டி. கவனிப்பது இதைத்தான்: அனுப்பியவர் யார், செக்சம் (கோப்பு சிதையாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போனதா, பெற்றவர் ஒப்புகை தந்தாரா, தராவிட்டால் எத்தனை முறை மறுபடி முயல்வது, அப்புறம் யாரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது. நிறுவனங்கள் தங்களுக்குள் ஆவணம் அனுப்பப் பயன்படுத்தும் ஏ.எஸ்.2 நெறிமுறையில் பெறுபவரிடம் கையொப்பமிட்ட ஒப்புகையே கேட்டு வாங்கலாம். அப்படி வாங்கி வைத்தால் "எங்களுக்கு வரவே இல்லை" என்று பிறகு யாரும் கைவிரிக்க முடியாது.

ஆகவே என் பரிந்துரை: கோப்பு ஒப்படைப்பு. அனுப்பியதோடு கடமை முடியாது, உரியவர் கையில் சேர்ந்து அவர் ஒப்பினால்தான் முடியும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ஒப்படைப்பு வழங்கி, ஒப்படைப்புப் பதிவு என்று கிளைக்கவும் செய்யும். பொத்தானுக்கு "ஒப்படை" போதும். மாணவர்கள் எழுதித் தரும் பயிற்சிக் கட்டுரையையும் சில இடங்களில் ஒப்படைப்பு என்கிறார்கள் என்பது தெரியும். முன்னால் "கோப்பு" நிற்பதால் குழப்பம் வராது.

> முன்னால் "பாதுகாப்பான" என்று சேர்க்கலாமா?

வேண்டாம். 2023 மே மாதக் கடைசியில் மூவ்இட் டிரான்ஸ்ஃபர் என்ற எம்.எஃப்.டி. மென்பொருளில் இருந்த எஸ்.கியூ.எல். உட்செலுத்தல் (தரவுத்தளத்துக்குள் கள்ளக் கட்டளை நுழைக்கும்) ஓட்டை வழியாக கிளாப் என்ற இணையக் கொள்ளைக் கும்பல் பல நிறுவனங்களின் கோப்புகளை அள்ளிப்போனது. அதற்கு முன் 2020 டிசம்பரில் ஆக்செலியன் நிறுவனத்தின் எஃப்.டி.ஏ. என்ற கோப்பு அனுப்பும் அமைப்பில் புகுந்தார்கள், அதுவோ சுமார் 20 ஆண்டுப் பழைய சரக்கு. இரண்டுமே பாதுகாப்பாக அனுப்புவதற்கென்றே விற்கப்பட்டவை. ஒப்படைத்து முடித்த கோப்பை வழங்கியிலேயே மாதக்கணக்கில் விட்டுவைத்தால் எந்த அடைமொழி காப்பாற்றும்? எத்தனை நாளில் அழிப்பது என்பது அமைப்பில் இருக்க வேண்டியது, பெயரில் அல்ல.

ஒப்புகை வராமல் நிற்கும் நிலைக்கு "நிலுவை" என்ற பழைய சொல்லே போதும். "தொங்கல்" என்று முன்மொழிந்தவர் கோபிக்க வேண்டாம்.

பழைய அமைப்புகளைக் குறிக்கும் "லெகசி"க்குத் தனி இழை திறப்போம். "மரபு அமைப்பு" என்பதில் எனக்கு உடன்பாடில்லை. மாற்றப் பயந்து விட்டுவைத்த ஒன்றைப் போற்றிக் காப்பதுபோல் தொனிக்கிறது.